டப்ளினில் பார்க்க முடியாத ராணியை கார்க்கில் பார்த்தோம்

வெளிநாட்டு அரசரோ ஜனாதிபதியோ அரசுமுறைப் பயணமாக வரும்போது ரோட்டோரம் நின்று பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலில் ஒரு எச்சரிக்கை. உங்கள் வீடு அந்தப் பாதுகாப்பு வளையத்துக்குள் இருந்தால், விருந்தாளியைப் பார்ப்பது இருக்கட்டும், உங்கள் வீட்டுக்குள் நீங்கள் நுழைவதற்கே பேப்பர் கேட்பார்கள். அதுவும் உங்கள் கையில் எது இல்லையோ அதைத்தான் கேட்பார்கள்.

2011 மே 17 முதல் 20 வரை எலிசபெத் ராணி அயர்லாந்து வந்திருந்தார். அதற்கு முன் பிரிட்டிஷ் மன்னர் ஒருவர் டப்ளினில் கால் வைத்தது 1911-இல், ஐந்தாம் ஜார்ஜ். அப்போது அயர்லாந்து அவர் ஆட்சிக்குக் கீழே இருந்தது. சுதந்திர நாடான பிறகு யாரும் வந்ததில்லை. கப்பலில் ஒரு ராத்திரி தூரம்கூட இல்லாத பக்கத்து நாடு, ஆனாலும் நூறு வருஷம் ஆகியிருக்கிறது.

எங்கள் ஃபிளாட் பார்னெல் சதுக்கத்தை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. சதுக்கத்தின் வடக்கு ஓரத்தில் நினைவுப் பூங்கா. அயர்லாந்தின் விடுதலைக்காக உயிர்விட்டவர்களுக்காக, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து 1916-இல் நடந்த ஈஸ்டர் எழுச்சியின் ஐம்பதாம் ஆண்டான 1966-இல் திறந்தது. எந்த முடியை எதிர்த்து அவர்கள் செத்தார்களோ, அதே முடியைச் சூடியவர் அங்கே வந்து மலர்வளையம் வைக்கப்போகிறார் என்று பேப்பரில் படித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நானும் அதே ஆட்சிக்குக் கீழே கிடந்த நாட்டிலிருந்து வந்தவள். இதை என் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்று இருந்தது.

சில வாரங்களுக்கு முன்பே போலீஸ் வீடு வீடாக வந்து யார் யார் குடியிருக்கிறீர்கள் என்று எழுதிக்கொண்டு போனார்கள். கார் நிறுத்தக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். குப்பைத் தொட்டிகளை எடுத்துவிட்டார்கள், சாக்கடை மூடிகளுக்கு சீல் வைத்தார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நோட்டீஸில் ‘அடையாள அட்டை வைத்திருக்கவும்’ என்று இருந்தது. அவ்வளவுதான் இருந்தது. என் பாஸ்போர்ட்டையும் குடியேற்ற அட்டையையும் முந்தின நாளே கைப்பையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

17-ஆம் தேதி காலை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்து இறங்குகிறேன், ஊரே வேறு மாதிரி இருக்கிறது. ராத்திரிதான் டப்ளினுக்கு வந்துகொண்டிருந்த ஒரு பஸ்ஸில் குண்டு இருந்ததை மேனூத் பக்கத்தில் கண்டுபிடித்து ராணுவம் செயலிழக்க வைத்திருந்தது. அதனால் காலையில் கெடுபிடி இன்னும் இறுகிவிட்டது. அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் எங்கள் சந்து முனையில் நின்ற காவலர், வெளியூரிலிருந்து டூட்டிக்கு வந்த இளைஞர், என் பாஸ்போர்ட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதுல இந்த ஊர் அட்ரஸ் இல்லையே.”

குடியேற்ற அட்டையைக் கொடுத்தேன். அதிலும் முகவரி கிடையாது. கரண்ட் பில் இருக்கிறதா என்றார். பில் ஹவுஸ் ஓனர் பெயரில். வாடகை ஒப்பந்தம்? என்னோடு தங்கியிருந்த நாகர்கோவில் அக்கா பெயரில் இருந்தது, என் பெயர் இரண்டாவது வரியில் உண்டு. ஆனால் அந்தப் பேப்பர் வீட்டுக்குள், மேஜை டிராயரில் இருக்கிறது.

“அப்போ வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வாங்க.”

“வீட்டுக்குப் போறதுக்குத்தானே உங்ககிட்ட நிக்கிறேன்.”

அவர் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கிற நிலையில் இல்லை. ராத்திரி முழுக்க நின்ற கால். அக்காவுக்கு ஃபோன் அடித்தால் எடுக்கவில்லை, அவரும் நைட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சுற்றிக்கொண்டு டார்செட் தெருப் பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கேயும் பேரிகேட். பயணத்தை எதிர்க்கிறவர்கள் அந்தப் பக்கம்தான் கூடப்போகிறார்கள் என்று சொல்லி என்னை நிற்கக்கூட விடவில்லை. பிறகு சாயங்காலம் அங்கே கல்லும் பாட்டிலும் பறந்ததை நியூஸில் பார்த்தபோது, விரட்டியதே நல்லது என்று தோன்றியது. திரும்பவும் பழைய முனைக்கே வந்தேன். வீண் நடை.

என்னை உள்ளே விட்டது மேல் மாடியில் இருந்த ஐரிஷ் பாட்டி. கையில் பூங்கொத்தோடு பேரிகேட்டின் உள்பக்கத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். டால்பட் தெருவுக்குப் போகிறார். 1974 மே 17, இதே தேதியில், டப்ளினில் மூன்று கார் குண்டுகள், மானஹனில் ஒன்று. மொத்தம் 33 பேர் செத்தார்கள். முதல் குண்டு வெடித்தது எங்கள் வீட்டிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரத்தில், பார்னெல் தெருவில். வருஷா வருஷம் அந்த நினைவுக்கல்லில் பூ வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், பாட்டியும் அதில் ஒருவர். அதில் பிரிட்டிஷ் பாதுகாப்புப் படைகளுக்கும் கை இருந்ததோ என்ற சந்தேகத்தால், பிரிட்டன் தன்னிடம் இருக்கும் கோப்புகளைத் திறக்க வேண்டும் என்பது செத்தவர்களின் குடும்பங்கள் அன்றுவரை விடாமல் கேட்டது. ராணியின் பயணம் சரியாக அந்தத் தேதியிலா தொடங்க வேண்டும் என்று பாட்டிக்கு மனத்தாங்கல். ஆனாலும் வரட்டும், பூங்காவில் வந்து நிற்கட்டும் என்றுதான் சொன்னார்.

“இந்தப் பொண்ணு எங்க கட்டடம்தான்” என்று காவலரிடம் சொன்னார். வாய்ச்சொல் செல்லாது என்றார் அவர். பாட்டி விடவில்லை. “வீடு வீடா வந்து பேர் எழுதிட்டுப் போனீங்களே, அந்த லிஸ்ட் எங்கே? உங்க சார்ஜென்ட்டைக் கூப்பிடுங்க” என்றார். சார்ஜென்ட் வந்தார், கிளிப்போர்டைப் புரட்டினார். கையால் எழுதிய பட்டியலில், எழுத்துப் பிழையோடு என் பெயர். பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார், விட்டுவிட்டார். அந்த லிஸ்ட் காலையிலிருந்து அந்த முனையிலேயேதான் இருந்திருக்கிறது. என்னிடம் பேப்பர் கேட்டவர் அதை ஒரு தடவை பார்த்திருந்தால் என் காலை மிஞ்சியிருக்கும்.

இப்படி மாட்டிக்கொண்டால், வீடு வீடாக எடுத்த பட்டியல் இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள். முனையில் நிற்பவரோடு மல்லுக்கு நிற்காமல் மேலதிகாரியை, மரியாதையாக, கூப்பிடச் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தத்தின் நகலை வேலை செய்யும் இடத்திலும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பேங்கில் கேட்டால் உங்கள் பெயரும் முகவரியும் போட்டு ஒரு கடிதம் தருவார்கள். கூட்டாக வீடு எடுத்துத் தங்குகிற நம்மவர்களுக்கு அந்தக் கடிதம்தான் கைகொடுக்கும், ஏனென்றால் பில் எதிலும் நம் பெயர் இருக்காது.

உள்ளே போனது பெரிய விஷயம் என்றாலும், பார்க்க வேண்டியதைப் பார்க்க முடியவில்லை. வெளியே போனால் திரும்ப விடமாட்டோம் என்றார்கள். பூங்காவுக்குள் அழைப்பிதழ் உள்ளவர்கள் மட்டும். ரோடு துடைத்த மாதிரி காலி. ராணி வண்டியில் போகிற வழியெல்லாம் கையசைக்க ஆள் இல்லை, தடுப்பும் போலீஸும்தான். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். பேண்டு வாசிக்கிற சத்தம் ஜன்னல் வழியாக முதலில் வந்தது, கொஞ்சம் கழித்து அதே இசை டிவியில் வந்தது. மேலே ஹெலிகாப்டர். தூரத்தில் எதிர்ப்பாளர்களின் கோஷம். ‘காட் சேவ் த குயின்’ அந்தப் பூங்காவில் ஒலித்தது. பிறகு அவர் மலர்வளையத்தை வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் வந்து, தலையைத் தாழ்த்தினார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அமிர்தசரஸ் ஞாபகம் வந்தது. 1997 அக்டோபரில் இதே ராணி ஜாலியன்வாலா பாக்கில் மலர்வளையம் வைத்தார். அங்கேயும் மன்னிப்பு என்ற சொல் வரவில்லை, டப்ளினிலும் வரவில்லை. 1919-இல் அங்கே படுகொலை நடந்தபோது பஞ்சாபை ஆண்ட மைக்கேல் ஓ'ட்வையர் இந்த அயர்லாந்தின் டிப்பரரியில் பிறந்தவர் என்பதை ஐரிஷ்காரர்களிடம் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடும். டப்ளினில் நடந்ததைப் போல அமிர்தசரஸிலும் நம் ஜனங்களின் மனசைத் தொடுகிற மாதிரி ஒன்று நடந்திருக்கலாமே என்ற ஏக்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மறுநாள் நடந்ததெல்லாம் டிவியில்தான். ஐலண்ட்பிரிட்ஜில் முதல் உலகப் போரில் செத்த ஐரிஷ் வீரர்களுக்கு அஞ்சலி. 1920 நவம்பர் 21-இல் பிரிட்டிஷ் படைகள் சுட்டதில் 14 பேர் செத்த குரோக் பார்க் மைதானத்துக்குள் போனார். ராத்திரி, 1922 வரை பிரிட்டிஷ் ஆட்சியின் தலைமையிடமாக இருந்த டப்ளின் கோட்டையில் விருந்து. ராணி தன் பேச்சை ஐரிஷ் மொழியில் தொடங்கியதும் அப்போதைய அயர்லாந்து ஜனாதிபதி மேரி மெக்கலீஸ் வாய் பிளந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சில விஷயங்களை வேறு மாதிரிச் செய்திருக்கலாம், சிலவற்றைச் செய்யாமலே இருந்திருக்கலாம் என்று ராணி சொன்னபோது, முந்தின நாள் கோபமாக இருந்த பாட்டி எங்கள் சோபாவில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த ராத்திரியே முடிவு செய்துவிட்டோம். வெள்ளிக்கிழமை கார்க் நகரம். அங்கேதான் இங்கிலீஷ் மார்க்கெட் என்ற பழைய சந்தைக்குள் அவர் நடந்து போகப்போகிறார் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. வண்டியில் போகிற இடத்தில் நின்று பலன் இல்லை, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தொப்பி தெரியும், அவ்வளவுதான். நடக்கிற இடம் எது என்று பார்த்து அங்கே போக வேண்டும். நிகழ்ச்சி நிரலைப் படிக்கும்போது நான் இப்போது தேடுவது அதை மட்டும்தான்.

ஹூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து விடியற்காலை ரயில். பையே எடுத்துப் போகவில்லை. பாஸ்போர்ட், ஒப்பந்த நகல், பணம், கோட் பாக்கெட்டில் இரண்டு சப்பாத்தி ரோல். இதுவும் முக்கியம். கிராண்ட் பரேடு தெருவில் எங்களுக்கு முன்னால் வந்த ஒரு குடும்பத்தைப் பெரிய தோள்பைகளோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள், குழந்தை அழுதுகொண்டே போனது. எங்களைத் தடவிப் பார்த்துவிட்டு நகல் எதையும் கேட்காமலே விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொடிகளோடு முன்வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இடம் பிடித்தோம். பெரியவர்களுக்குப் பின்னால் நின்றால் முதுகுதான் தெரியும், பிள்ளைகளுக்குப் பின்னால் நில்லுங்கள்.

நெடுநேரம் நின்றோம். வண்டிகள் வந்தன, அவர் சந்தைக்குள் போனார். உள்ளே ஒரு மீன்கடைக்காரர் பேச்சுக்கு அவர் வாய்விட்டுச் சிரித்த படம் மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்தது. வெளியே எங்களுக்கு அது தெரியாது. உள்ளே போனவர் அப்படியே காரில் ஏறிவிடுவார் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்குக் கால் வீங்கிவிட்டது, போகலாமா என்றார். கொஞ்சம் பொறுங்கள் அக்கா என்றேன்.

வெளியே வந்தவர் காரை விட்டுவிட்டுக் கூட்டத்தை நோக்கி நடந்து வந்தார். ஏற்பாட்டில் இல்லாத நடை அது. பாதுகாப்புக்காரர்கள் வேகவேகமாக இடம் மாறுவதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. டப்ளினில் அவரும் ஜனங்களும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை, இங்கே கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டார். நினைத்ததைவிடக் குள்ளம். எனக்கு மூன்று ஆள் தள்ளி நின்ற ஒரு பெண்ணிடம் நின்று ஏதோ கேட்டார். நடையில் அவசரம் இல்லை. 85 வயது, நாலு நாளாக இப்படி ஊர் ஊராக. சத்தம் காதைப் பிளந்தது. நான் கையாட்டினேன். அக்கா கையாட்டினார். இந்தப் பக்கம் பார்த்தாரா என்று கேட்டால், பார்த்தார் என்று அக்கா சத்தியமே செய்வார்.

2015 மே மாதம் சார்லஸ் இளவரசர் ஸ்லைகோவுக்கு வந்தார். 1979-இல் மவுன்ட்பேட்டனை ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழு குண்டு வைத்துக் கொன்ற முல்லாக்மோருக்கும் போனார். அங்கே வேலை பார்த்த ஒரு தோழி, பார்க்கப் போகலாமா என்று ஃபோன் செய்தாள். பேங்க் கடிதம் வாங்கி வை, பை வேண்டாம், அவர் எந்த இடத்தில் நடப்பார் என்று பார்த்துக்கொள் என்றேன். சாயங்காலம் ஃபோட்டோ அனுப்பினாள், முன்வரிசை. முகவரிச் சான்று கேட்டார்களாம். எடுத்து நீட்டியிருக்கிறாள்.