மருமகனைச் சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்த கதை

அக்காவின் மகனைத் தெற்கில் இருக்கும் ஒரு போதை மறுவாழ்வு நிலையத்தில் இருந்து கிளிநொச்சி வட்டக்கச்சிக்குக் கூட்டி வந்து இந்த ஐப்பசியோடு இரண்டு வருசம் ஆகிறது. போன மாதம் மட்டும் எங்கள் பக்கத்துத் தாய்மார் மூன்று பேர் அக்காவிடம் வந்து, "பொடியன் வெளியில வரப்போறான், நாங்கள் என்ன செய்யிறது" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று தெரியாவிட்டால் 1927க்கு அழைக்கலாம், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் இலக்கம் அது, வழி சொல்வார்கள். சேர்த்த பிள்ளை திரும்பி வரும்போது வீட்டை எப்படி வைத்திருப்பது என்பதைத்தான் எங்களுக்கு அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. அதனால் நாங்கள் பட்டதை எழுதுகிறேன்.

பழைய கதையை நீட்டவில்லை. யுத்தம் முடிந்த 2009இல் அவனுக்கு ஐந்து வயது. அத்தான் அந்த வருசத்தோடு இல்லை. மெனிக்பாம் முகாமில் இருந்து திரும்பிய பிறகு அக்கா தனியாகத்தான் வளர்த்தார். சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு கட்டட வேலைக்குப் போன இடத்தில் ஹெரோயின் பழகினான், பிறகு ஐஸ் என்கிற இன்னொரு போதைப்பொருள். வீட்டுத் தண்ணீர்ப் பம்ப் போனது, அக்காவின் சங்கிலி போனது, கடைசியில் அவனே "என்னை எங்கயாவது கொண்டுபோய் விடுங்கோ மாமா" என்று கேட்டான். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் ஊடாகவும் ஒருவரைச் சிகிச்சைக்கு அனுப்பலாம், ஆனால் இவன் விரும்பித்தான் போனான்.

அங்கே எத்தனையோ மாதம் இருந்தவனை இன்ன திகதிக்கு வந்து கூட்டிப் போங்கள் என்று ஒரு தொலைபேசி அழைப்பில் முடித்துவிட்டார்கள். கையில் தந்த கடிதம் முழுக்கச் சிங்களம். எனக்கும் வாசிக்கத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. என்ன மருந்து, அடுத்து எங்கே காட்டுவது என்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தது என்று பிறகு ஒருவரைப் பிடித்து வாசிப்பித்தபோதுதான் தெரிந்தது. நீங்கள் கூட்டி வரப் போனால் வாசலை விட்டு வெளிக்கிட முன்னமே அந்தக் கடிதத்தில் இருப்பதை வாயால் தமிழில் சொல்லக் கேளுங்கள், மருந்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள்.

வவுனியாவில் பஸ் மாறி ஏறினோம். ஓமந்தை தாண்டும் வரை கதைத்துக்கொண்டு வந்தவன் மாங்குளத்துக்குப் பிறகு வாய் திறக்கவில்லை. முறிகண்டியில் எல்லாப் பஸ்ஸும் போல இதுவும் நின்றது, சனம் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டு வந்து ஏறியது, இவன் மட்டும் கச்சான் கடைக்குப் பக்கத்தில் நின்று, "மாமா, இந்த பஸ் போகட்டும், அடுத்ததில போவமா" என்றான். விட்டுவிட்டேன். ஒரு பை கச்சான் வாங்கி மரத்தடியில் இருந்தோம். அவன் ஒவ்வொரு கச்சானாக உடைத்து, பருப்பின் சிவப்புத் தோலையும் விரலால் உரித்து, உரித்த பருப்பைச் சாப்பிடாமல் உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே இருந்தான். கை நிறைந்த பிறகு சொன்னான்: "அங்க எல்லாரும் என்னைப் போலதான், ஒருத்தருக்கும் ஒண்டும் ஒளிக்கத் தேவையில்லை. ஊருக்குள்ள எப்பிடி மாமா நடக்கிறது?" எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கு நான் செய்த ஒரே சரியான காரியம் அந்தப் பஸ்ஸை விட்டதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வீட்டில் நாங்கள் செய்து வைத்திருந்த ஆயத்தம் எல்லாம் காவல் காக்கும் ஆயத்தம். அவனுடைய அறைக் கதவின் உள் கொளுக்கியைக் கழற்றியிருந்தோம். கட்டிலை விறாந்தைப் பக்கம் போட்டிருந்தோம். போனை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அக்கா அவன் குளிக்கப் போகும் நேரம் காற்சட்டைப் பையைத் தடவுவார், ஒருநாள் அவன் பாதிக் குளியலில் திரும்பி வந்து அதைப் பார்த்துவிட்டான். அன்றைக்கு அவன் சத்தம் போடவில்லை. ஈரத் தலையோடு முற்றத்தில் நின்று அழுதான்.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், உங்கள் கிராம அலுவலரைக் கேட்டால் சொல்வார். எங்களுக்கு வாய்த்தவர் ஒரு பொறுமையான பெண். நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் கேட்டது இதுதான்: "காலமை ஆறு மணிக்கு அவருக்கு என்ன வேலை? பத்து மணிக்கு? பின்னேரம் நாலு மணிக்கு?" எங்களிடம் பதில் இல்லை. நிலையத்தில் விடிந்தது முதல் படுக்கும் வரை ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் ஒரு வேலை இருந்தது. வீட்டுக்கு வந்தவனுக்கு முழு நாளும் வெறுமையாகக் கிடந்தது, அந்த வெறுமைக்குள் நான்கு பேர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த திங்களே என் கராஜுக்கு வரச் சொன்னேன். லாண்ட் மாஸ்ரர், தண்ணீர்ப் பம்ப் திருத்துகிற சின்ன இடம்தான். ஏழரைக்குக் கதவு திறப்பது அவன் பொறுப்பு, திறப்பு அவன் கையில். பின்னேரம் வாய்க்கால் தண்ணீர் கட்டும் வேலை. கொளுக்கியையும் திரும்பப் பூட்டிக் கொடுத்தோம்.

மாவட்ட ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் மாதம் ஒருமுறை காட்டினோம். அங்கே வைத்தியர் அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே விளக்கினார். ஹெரோயின் விட்ட உடல் வேதனை ஒரு கிழமை, பத்து நாளில் அடங்கும். நித்திரைக் குழப்பமும் எடுக்க வேண்டும் என்ற தவிப்பும் மாதக்கணக்கில் வந்து வந்து போகும். ஐஸ் விட்டவருக்கு மனம் சோர்ந்து கிடப்பது நீண்ட நாள் இருக்கும், அதைச் சோம்பல் என்று ஏசக் கூடாது. இன்னொன்று, இது எல்லாத் தாய் தகப்பனுக்கும் தெரிய வேண்டும்: மாதக்கணக்கில் விட்டிருந்த உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி இல்லை, முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். மூச்சு மந்தமாகி, தட்டினாலும் எழும்பாமல், உதடு நீலம் பாய்ந்தால் பொலிஸுக்கும் ஊருக்கும் பயந்து அறைக்குள் பூட்டி வைக்காமல் உடனே 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.

எதைப் பார்த்தால் அந்தத் தவிப்பு வரும் என்பது நாங்கள் நினைத்த மாதிரி இல்லை. அவனுடைய தங்கச்சியின் பிறந்த நாளுக்கு ஒரு சொக்கலேற் கட்டி வாங்கி வந்தோம். அவள் பிரித்து, உள்ளே இருந்த வெள்ளித் தாளை நகத்தால் நீவி நீவி மடிப்பில்லாமல் தட்டையாக்கி மேசையில் வைத்தாள், சின்னப் பிள்ளைகள் செய்கிற வேலை. இவன் அந்தத் தாளைப் பார்த்தபடி இருந்தான். நெற்றி வியர்த்து, விரல் நடுங்கி, எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டான். நான் பின்னால் போனேன். இரண்டு வாளி அள்ளித் தலையில் ஊற்றினான். பிறகு, "அந்தப் பேப்பர் மாமா" என்று மட்டும் சொன்னான். அவன் போதை எடுத்தது அப்படியான தாளில்தான். இப்போது வீட்டுக்குள் வெள்ளித் தாள் வருவதில்லை. தங்கச்சிக்குக் காரணம் சொல்லியிருக்கிறோம், அவளுக்கு விளங்கும் அளவுக்கு.

அந்த உத்தியோகத்தர் சொல்லித்தான் ஒரு கொப்பித் தாளில் அவன், அக்கா, நான் மூன்று பேரும் உட்கார்ந்து எழுதினோம். தவறினால் அன்றைக்கே யாராவது ஒருவரிடம் அவன் சொல்ல வேண்டும். சொன்னால் அடியோ ஏச்சோ இல்லை, வீட்டை விட்டுப் போ என்ற சொல்லும் இல்லை. வீட்டுப் பொருளில் கை வைத்தால் திரும்பச் சிகிச்சைக்குப் போக அவன் சம்மதிக்கிறான். அக்கா கையெழுத்து வைக்கும்போது "இது தவறச் சொல்லிக் குடுக்கிற மாதிரி இருக்கு தம்பி" என்றார். எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது.

மாசியில் காலபோக நெல் வெட்டு நடந்தது. பக்கத்து வயலில் இரண்டு கிழமை வேலை செய்த காசை மொத்தமாக அவன் கையில் கொடுத்தார்கள். அன்று இரவு ஒன்பதரை போல என் படலையில் சத்தம். வெளிச்சத்துக்கு வராமல் வேலியோடு நின்று, "மாமா, இண்டைக்கு எடுத்திட்டன்" என்றான். சந்தியில் பழைய கூட்டாளி ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருக்கிறான், அவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது, கை தன்பாட்டில் ஓங்கியது. நாங்கள் எழுதிய அந்தக் கொப்பித் தாள் நினைவு வந்தது. உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கேட்டேன், மறைக்காமல் சொன்னான். விடியும் வரை விறாந்தையில் பக்கத்தில் இருந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கண் அயரவிடாமல் அடிக்கடி கதை கொடுத்தேன். காலையில் அவனே தாயிடம் சொன்னான், நான் பக்கத்தில் நின்றேன். அன்றைக்கே கிளினிக். அன்றைக்கு அடித்திருந்தால் அடுத்த முறை அவன் என் படலைக்கு வந்திருக்க மாட்டான், எங்காவது பற்றைக்குள் தனியாகக் கிடந்திருப்பான். இதை என் பிள்ளைகளின் மேல் ஆணையாகச் சொல்வேன்.

அதற்குப் பிறகு காசு விசயத்தை அவனே மாற்றினான். சம்பளம் வங்கிப் புத்தகத்துக்குப் போகும், கையில் அன்றாடச் செலவுக்கு மட்டும். போனில் இலக்கங்களை அழித்துப் புது சிம் போட்டதும் அவன்தான்.

ஊர் மாற நாள் எடுத்தது. விளையாட்டுக் கழகத்தில் சேர்க்கவில்லை. சொந்தக்காரர் ஒருவரே, கவனமாய் இருங்கோ என்று என் வாடிக்கையாளர்களிடம் சொல்லியிருக்கிறார். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நடந்து போகிற சனத்துக்கு எங்கள் சந்தியில் தண்ணீர்ப் பந்தல் போட்டபோது, கோயில் ஐயா ஒருவர் இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மோர் வாளியைக் கையில் கொடுத்தார். இரவிரவாக ஊற்றினான். அக்கா தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் அன்றைக்குத்தான் முழு இரவு நித்திரை கொண்டார். தாய்மாரும் உடைந்துபோய் இருப்பார்கள், அவர்களையும் கிளினிக்கில் காட்டுங்கள். இரவில் மனம் தாங்காவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926க்கு எடுத்துக் கதைக்கலாம்.

அந்த மூன்று தாய்மாரில் ஒருவரின் மகன் வருகிற புதன் வருகிறான். அவனைக் கூட்டி வர எங்கள் மருமகனும் போகிறானாம், என்னிடம் இரண்டு நாள் லீவு கேட்டிருக்கிறான். வவுனியாவில் இருந்து நேரே போகிற பஸ் வேண்டாம், முறிகண்டியில் இறங்கி இருந்து போவோம் என்று அந்த அம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறான்.