குறட்டைதானே என்று விட்டுவிடாதீர்கள்

"மாசமா இருந்தா குறட்டை வரத்தான் செய்யும், இடது பக்கமா ஒருக்களிச்சுப் படும்மா." ஏழாம் மாதம் வரை எனக்குக் கிடைத்த வைத்தியம் இதுதான். பகலெல்லாம் தலைவலி, உட்கார்ந்த இடத்தில் தூக்கம். பிரஷரும் ஏறத் தொடங்கியது. கடைசியில் எடுபட்டது கணவர் செல்போனில் எடுத்த வீடியோதான். குறட்டை திடீரென நின்று, சில நொடி மூச்சே இல்லாமல் கிடந்து, பிறகு திணறி இழுக்கிறேன். அதைப் பார்த்ததும் டாக்டரம்மா நுரையீரல் டாக்டருக்குச் சீட்டு எழுதினார். நீங்களும் வாயால் சொல்லாமல் வீடியோவோடு போங்கள்.

தூக்கத்தில் மூச்சு எப்படி ஓடுகிறது என்று இரவு முழுக்கப் பார்க்கும் டெஸ்ட்தான் ஸ்லீப் ஸ்டடி. அந்தக் கவுன்டரில் அடுத்த கூத்து. "கர்ப்பிணிகளுக்குச் செய்யறதில்லை, டெலிவரி முடிஞ்சு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்ரேயும் இல்லை, மருந்தும் இல்லை. உடம்பில் வயர் ஒட்டுவதோடு சரி. இதற்கு என்ன தடை? டாக்டரிடம் மறுபடி ஓடி, எத்தனை வாரம், பிரஷர் எவ்வளவு, ஏன் அவசரம் என்று விவரமாக எழுதி வாங்கிய பிறகே தேதி கிடைத்தது. முதலிலேயே அப்படி எழுதி வாங்கிவிடுங்கள்.

டெஸ்ட் அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், வயர் ஒட்டாது. நகப்பூச்சும் வேண்டாம். எனக்கு வளைகாப்பு முடிந்த கை. டெக்னீஷியன் வளையலைக் கழற்றச் சொல்ல, அத்தை முடியவே முடியாது என்று நிற்க, கடைசியில் கண்ணாடி வளையல்களை முழங்கை வரை தள்ளிக் கைக்குட்டையால் கட்டினார்கள். இரவில் பாத்ரூம் போக ஒவ்வொரு முறையும் டெக்னீஷியனைக் கூப்பிட்டுத்தான் வயரைக் கழற்ற வேண்டும். கூச்சமே படாதீர்கள்.

டெஸ்டில் மணிக்கு 22 தடவை மூச்சுத் தடை என்று வந்தது. 15லிருந்து 30 வரை நடுத்தரம் என்றார்கள். தூங்கும்போது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப் பாதை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் சிபாப் மிஷினை வாடகைக்கு எடுத்தோம். மாதம் ஏற ஏற எடை கூடும் என்பதால் காற்றழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோ வகைதான் கேட்டோம். மூக்கடைப்பில் மூக்கு மாஸ்க் சரிவரவில்லை, வாயையும் மூடும் மாஸ்க்தான் ஒத்துவந்தது. தலைவலி விட்டது. சிசேரியனுக்கு மிஷினையும் கையோடு கொண்டுபோனோம். மயக்க டாக்டரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகு மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்க்க வேண்டும், சிலருக்குக் குறைந்துவிடுமாம். அதுவரை மிஷினை விலைக்கு வாங்காதீர்கள். இன்ஷூரன்ஸில் டெஸ்ட் செலவைத் தர மறுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டுக் கடிதம் போட்டிருக்கிறேன், வீடியோவையும் சேர்த்து.