அம்மாவின் வெளிமூச்சு

2025 ஜனவரி 4, சனி

நேற்று கோவையில் அம்மாவுக்கு, நுரையீரலின் ஊதும் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை நடந்தது. மூக்கைக் கிளிப்பால் அடைத்து, வாயில் அட்டைக்குழாயைக் கொடுத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தபின் முழு வேகத்தில் ஊதச் சொன்னார்கள். "ஊதுங்கம்மா, ஊதுங்க, இன்னும், இன்னும், விட்டுடாதீங்க" என்று பரிசோதனை செய்த பெண் உரக்கச் சொல்லிக்கொண்டே இருக்க, அம்மா கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். உடல்நலமுள்ள ஒருவர் ஊதித்தள்ளும் மொத்தக் காற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு முதல் விநாடியிலேயே வெளியேறிவிடும். அம்மாவுக்குப் பாதிகூட வரவில்லை. மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்தை உறிஞ்சவைத்து, கால்மணி நேரம் கழித்து மீண்டும் ஊதச் செய்தபோதும் அந்த விகிதம் 0.7-ஐ எட்டவில்லை என்பதால், சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று மருத்துவர் முடிவு சொன்னார்.

பீடி சிகரெட்டைத் தொட்டே அறியாதவருக்கு இது எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் அம்மாவைப் பார்த்து, "எத்தனை வருஷம் விறகடுப்பில் சமைச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

2025 ஜனவரி 6, திங்கள்

"மூச்சு உள்ளேயே போக மாட்டேங்குது கண்ணு" என்பதே அம்மாவின் ஓயாத புகார். உண்மையில் சிக்கல் இருப்பது மூச்சை வெளியே விடுவதில். இது எனக்குப் புரியவே இரண்டு நாள் ஆயிற்று.

மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குவிந்து நிற்கும் உதரவிதானம் சுருங்கிக் கீழிறங்க, விலா எலும்புகள் மேலெழும்ப, மார்புக்கூடு விரிந்து உள்ளே அழுத்தம் குறைவதால் வெளிக்காற்று தானே நுழைகிறது. ஓய்வாக இருக்கும்போது ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 500 மில்லி. அதிலும் 150 மில்லி அளவுக்கு, இரத்தத்தோடு வாயுப் பரிமாற்றம் நடக்கும் நுண்ணறைகளை எட்டாமல் குழாய்களிலேயே தங்கித் திரும்பிவிடும். மூச்சை விடுவதற்கோ தசை எதுவும் உழைக்க வேண்டியதில்லை; விரிந்த நுரையீரல் தன் மீள்தன்மையாலேயே சுருங்கிக்கொள்ளும். அந்த மீள்தன்மையைத்தான் இந்நோய் அரித்துவிடுகிறது. நுண்ணறைச் சுவர்கள் சிதைய, அவை இழுத்துப் பிடித்திருந்த சிறுகுழல்கள் வெளிமூச்சின்போது தளர்ந்து மூடிக்கொள்ள, பழைய காற்று முழுதும் வெளியேறும் முன்பே அடுத்த மூச்சு வந்து அதன்மேல் ஏறுகிறது. நிரம்பிய குடத்தில் மேலும் எவ்வளவு ஊற்ற முடியும்? உதரவிதானமும் குவிவு குறைந்து ஏற்கெனவே தட்டையாகிக் கிடப்பதால், அது சுருங்கினாலும் பெரிதாக இறங்க இடமில்லை.

அம்மா முழங்கால்களில் கையூன்றி முன்சாய்ந்து உட்காருவதன் காரணம் இப்போது விளங்குகிறது. கைகள் ஊன்றி நிலைத்துவிட்டால் தோள், மார்புத் தசைகளும் விலா எலும்புகளைத் தூக்க உதவுகின்றன. இதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

2025 ஜனவரி 9, வியாழன்

உதட்டைக் குவித்து மெல்ல ஊதும் பயிற்சி தொடங்கியாயிற்று. குவிந்த உதடு தரும் எதிரழுத்தம் சிறுகுழல்களை இன்னும் சற்று நேரம் திறந்து வைக்கிறது. பிராணாயாமம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. வெளிமூச்சை நீட்டுவது நல்லதுதான். மூச்சை அடக்கும் கும்பகம் மட்டும் அம்மாவுக்கு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இரவு உணவைப் பாதியாகக் குறைத்தோம், ஏனெனில் நிறைந்த வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும்.

2025 ஜனவரி 13, திங்கள், போகி

விடியுமுன்னே தெருவெங்கும் புகை. பழைய பாயோடு டயரையும் போட்டுக் கொளுத்துபவர்களை என்னவென்று சொல்வது! பனிமூட்டம் வேறு சேர்ந்துகொள்ள, புகை மேலே எழாமல் வாசலிலேயே நின்றது. ஜன்னல்களை அடைத்தும் அம்மாவுக்கு இழுப்பு வந்துவிட்டது. இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை அளக்கும் ஆக்சிமீட்டர் 86 சதவீதம் காட்டியது. வாடகைக்கு எடுத்திருந்த ஆக்சிஜன் கருவியை வைத்ததும் 90-க்கு ஏறியது. "நூறு வரைக்கும் ஏத்திவிடு" என்று மாமா அவசரப்பட்டார். 88 முதல் 92 வரை போதும், அதற்குமேல் கூடாது என்று மருத்துவர் தொலைபேசியில் தடுத்தார்.

காரணம் கரியமில வாயுவில் இருக்கிறது. சாதாரணமாக நம்மை மூச்சுவிடத் தூண்டுவது ஆக்சிஜன் குறைவு அல்ல, இந்த வாயுவின் பெருக்கமே என்பதை உடலியல் ஆய்வாளர்கள் ஜான் ஸ்காட் ஹால்டேனும் ஜான் கில்லீஸ் பிரீஸ்ட்லியும் 1905-இலேயே காட்டினர். அது இரத்தத்தில் கூடும்போது மூளையைச் சூழ்ந்த நீரின் அமிலத்தன்மை உயர, மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளம் அதை உணர்ந்து மூச்சை விரைவுபடுத்துகிறது. அம்மாவைப் போன்றவர்களில் சிலருக்கு அந்த வாயு எப்போதும் தேங்கியே இருக்கும். ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் கொடுத்தால், காற்றோட்டம் குன்றிய பகுதிகளில் சுருங்கியிருந்த இரத்தக்குழாய்கள் திறந்துகொண்டு இரத்தம் வீணே அங்கு பாயும். ஹீமோகுளோபினும் தான் சுமந்த கரியமில வாயுவை இறக்கிவிடும். மூச்சின் உந்துதலும் ஓரளவு தணியும். மூன்றும் சேர்ந்தால் ஆக்சிமீட்டரில் எண் அழகாகத் தெரிய, கரியமில வாயு மேலும் ஏறி நோயாளி மயக்கத்துக்குள் நழுவக்கூடும். விரலில் மாட்டும் கருவிக்குக் கரியமில வாயுவை அளக்கத் தெரியாது.

2025 ஜனவரி 18, சனி

மருந்தை ஆவிபோலாக்கித் தரும் நெபுலைசரால் இழுப்பு அடங்கிவிட்டது. இன்ஹேலரை, அதன் முனையில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குடுவையோடு எடுத்து, மருந்து உள்ளே படிய சிறிது நேரம் மூச்சை நிறுத்தவும் பழகிவிட்டார். அவருக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே அடக்கம் அதுதான். சமையல் எரிவாயுவுக்கு மாறிப் பல காலம் ஆகியும் கொல்லைப்புறத்து வெந்நீர் அடுப்பு மட்டும் இன்றுவரை தென்னைமட்டையில்தான் எரிகிறது. சிதைந்த நுண்ணறைகள் மீளப்போவதில்லை என்றாலும் இருப்பவற்றைக் காக்கலாம் என்று சொல்லி, குளியலறையில் ஹீட்டர் மாட்ட ஆளை வரச்சொல்லியிருக்கிறேன். கரண்டு பில் யார் கட்டுவது என்று அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார், இடையில் மூச்சு வாங்காமல்.