பழைய பிக்கப்புக்கு மாற்று எஞ்சின் தேடிய அனுபவம்

பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடு மேட்டை ஐஸ் பெட்டிகளோடு ஏறும்போது எங்கள் பொலேரோ பிக்கப் இரண்டாவது கியரைக் கேட்க ஆரம்பித்தது. பின்னால் நீலப் புகை. ஐடிலில் விட்டு ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று கேஸ் அடித்தது. எங்கள் மெக்கானிக் கீழக்கரைக்காரர், காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அந்தத் துளையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ரிங்கு முடிஞ்சிருச்சு தம்பி. ஆனா அதோட நிக்காது, இறக்கித்தான் பாக்கணும்" என்றார். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி இருந்து கேஸ் கசியாமல் தடுக்கும் வளையம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும். மீன் வண்டிக்காரர்கள் பெரிய வேலையை எல்லாம் அந்த நேரத்துக்குத் தள்ளிவைப்பது வழக்கம். நானும் அப்போதுதான் எஞ்சினை இறக்கினேன்.

முதலில் நினைத்தது சொந்த எஞ்சினையே போர் போட்டு, அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்து எடுப்பதைத்தான். எஞ்சின் நம்பர் மாறாது, ஆர்டிஓ வேலை கிடையாது. ராமநாதபுரத்தில் லேத்தில் கொண்டுபோய் இறக்கியதும் அந்த நினைப்பு போய்விட்டது. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஏற்கெனவே 'முப்பது' போயிருந்தது. பேரிங் உட்காரும் இடம் தேயத் தேய, கிரைண்ட் செய்து பத்து, இருபது, முப்பது என்று கனம் கூடின பேரிங் போடுவார்கள். பத்து என்றால் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் பத்துப் பங்கு, அதாவது சுமார் கால் மில்லிமீட்டர். முப்பதைத் தாண்டி அந்தக் கிராங்க்கைத் தொட லேத்காரர் சம்மதிக்கவில்லை.

எஞ்சினின் உடம்பான பிளாக்கைப் பார்த்தபோது மனசு இன்னும் கஷ்டப்பட்டது. மேல்பாகமான ஹெட்டின் கேஸ்கெட் உட்காரும் முகத்தில், தண்ணீர் போகும் துளைகளின் ஓரமெல்லாம் கரையான் அரித்த பலகை மாதிரி இருந்தது. விரல் வைத்தால் துரு உதிர்ந்தது. முந்தைய உரிமையாளர் காலத்தில் போகிற வழியில் கிடைத்த போர்வெல் தண்ணீரையெல்லாம் ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். நம் கடற்கரையோரம் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர். அந்த உப்பு வார்ப்பிரும்பை அரிக்கும், ரேடியேட்டர் குழாய்களில் படிந்து அடைக்கும், சூடு ஏறும், ரிங் போகும். வண்டியின் எஞ்சின் மேல் எனக்குக் குறையே இல்லை. ஜீப் காலத்து வம்சம், 2523 சிசி, நாலு சிலிண்டர், மெக்கானிக்கல் டீசல் பம்ப். மண்டபத்தில் எந்தப் பட்டறையில் நிறுத்தினாலும் கை வைக்க ஆள் உண்டு.

சரி, வேறு எஞ்சின்தான் என்று முடிவானதும் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். புது ஹாஃப் எஞ்சின் வாங்கலாம் என்றார்கள். பிளாக், கிராங்க், பிஸ்டனோடு வரும், நம் ஹெட்டை மேலே மாட்டிக்கொள்ளலாம். நல்ல யோசனைதான், ஆனால் இத்தனை வயதான வண்டியில் அவ்வளவு பணத்தைப் போட எனக்கு மனம் வரவில்லை. இன்னொருவர் டிராக்டர் எஞ்சின் குறைந்த விலைக்கு இருப்பதாகச் சொன்னார். காக்கா கேட்ட உடனே வேண்டாம் என்றுவிட்டார். டிராக்டர் எஞ்சின் குறைந்த சுற்றில் ஓடுவதற்கென்றே அமைத்தது. அடியில் ஆயில் நிற்கும் சம்ப், மவுண்டிங், பம்ப் செட்டிங் எல்லாம் வேறாக இருக்கும். முழு லோடை ஏற்றிக்கொண்டு ஈசிஆரில் ஓட அது சரிப்படாது.

ரொம்ப ஆசை காட்டியது காமன் ரயில் எஞ்சின், அதாவது டீசல் பாய்வதை எலக்ட்ரானிக்ஸ் கட்டுப்படுத்தும் வகை. அதே 2523 சிசியில் வந்தது, இழுவை கூடுதல், புகை குறைவு. ஆனால் எஞ்சினை மட்டும் தூக்கி வைத்தால் ஓடாது. ஈசியூ என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி, வயரிங், சென்சார், ஹை பிரஷர் பம்ப் எல்லாம் கூடவே வர வேண்டும். எங்கள் வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தினமும் சேஸிஸ் வழியாக வடிகிறது. சாதாரண டெயில் லேம்ப் கனெக்டரே பச்சை பூத்துப் போகும் ஊரில் அத்தனை சென்சார்களை நம்பி நடுராத்திரியில் மீன் ஏற்ற நான் தயாராக இல்லை. மாறாத அதே வகை எஞ்சின், அது போதும் என்று தீர்மானித்தேன்.

மதுரையில் பல இடம் பார்த்தோம். பல கடைகளில் எஞ்சினைக் கழுவி, வெள்ளி பெயிண்ட் அடித்து வரிசையாக வைத்திருந்தார்கள். காக்கா அந்த வரிசைப் பக்கமே போகவில்லை. வண்டியிலிருந்து இன்னும் கழற்றாத எஞ்சின் வேண்டும், ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். கடைசியில் பின்பக்கம் அடிபட்ட ஒரு பிக்கப் கிடைத்தது. நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று போனிலேயே சொல்லிவிட்டோம். போனதும் காக்கா முதலில் பிளாக்கைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. முன்கூட்டியே சூடு பண்ணி வைத்தால் தேய்ந்த எஞ்சின்கூட டக்கென்று ஸ்டார்ட் ஆகிவிடும் என்பதால்தான் இந்த எச்சரிக்கை.

பாதி செல்ஃபில் பிடித்தது. கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றது, நீலம் வரவில்லை. ஆயில் மூடியைத் திறந்து கை வைத்தோம், காற்று லேசாகத்தான் தள்ளியது. டிப்ஸ்டிக்கில் பால் மாதிரி கலங்கல் இல்லை, ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவான கம்ப்ரஷனைப் பார்த்ததில் நாலு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு. ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வாங்கியிருக்க மாட்டோம். அப்புறம் எஞ்சினை நிறுத்தி, கிராங்க் தளர்ந்து ஆடுகிறதா என்று பார்க்கக் காக்கா அதன் புல்லியில் நெம்புகோல் வைத்து முன்னும் பின்னும் ஆட்டினார். கடைக்காரரிடம் பேசிச் சம்பைக் கழற்ற வைத்து ஒரு பேரிங் மூடியையும் திறந்தோம். பேரிங்கின் மேல்பூச்சு சாம்பல் நிறமாகச் சீராக இருந்தது, உள்ளே இருக்கும் செம்பு நிறம் எங்கும் எட்டிப் பார்க்கவில்லை. பேரிங்கின் முதுகில் அளவு அடித்திருக்கும், அது ஸ்டாண்டர்ட். கிராங்க்கை இதுவரை யாரும் கிரைண்ட் செய்யவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு விலை பேசத் தைரியம் வந்தது அப்போதுதான்.

பணம் கொடுக்கும் முன் எஞ்சின் நம்பரை பேப்பரோடு ஒப்பிட்டோம். அந்த இடத்தில் உளியோ கிரைண்டரோ பட்ட அடையாளம் இருந்தால் எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும் விட்டுவிட வேண்டும். பில்லில் நம்பரை எழுதி வாங்கினோம், அந்த வண்டியின் ஆர்சி நகலையும் வாங்கிக்கொண்டோம்.

மாட்டும் வேலை சீக்கிரம் முடிந்தது. எஞ்சின் வெளியே இருக்கும்போதே பின் ஆயில் சீல், கிளட்ச் பிளேட், மவுண்டிங் ரப்பர் மூன்றையும் புதிதாகப் போட்டோம். பிறகு அதற்காக மட்டும் கியர் பாக்ஸை இறக்குவது வீண் கூலி. ரேடியேட்டர் கோரையும் மாற்றிவிட்டேன், இப்போது கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும்தான்.

ஆர்டிஓ விஷயத்தில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 இதற்கானது. நம்மைப் போல ஒரு வண்டி வைத்திருப்பவர் எஞ்சினை மாற்றப் பதிவு அதிகாரியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்சியில் புது நம்பரை ஏற்ற வேண்டும். அனுமதி கேட்டு மனு கொடுத்துவிட்டுத்தான் நான் பழைய எஞ்சினை விற்றேன். வண்டியைக் காட்டும் நாளில் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக் கொடுத்தோம். கிரீஸைச் சுத்தமாகத் துடைத்து வைத்திருந்ததால் ஒரே தேய்ப்பில் எழுத்துகள் தெளிவாக விழுந்தன. ஆர்சியில் திருத்தம் வந்ததும் இன்சூரன்ஸிலும் நம்பரை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், அதற்குப் பிறகே எஃப்சி என்கிற தகுதிச் சான்றுக்கு வண்டியை விட்டேன். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்சி வருடாவருடம் உண்டு. அங்கே எஞ்சின் நம்பரும் ஆர்சியும் ஒத்துப்போகவில்லை என்றால் சீசன் தொடங்கும் நேரத்தில் வண்டி ஷெட்டில்தான் நிற்கும்.