ஹட்சன் ஆற்றின் கலங்கல் நீரில் கயாக் ட்ரோலிங்: ஐந்து நாள் அனுபவம்

நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஆற்றில், சாகர்ட்டீஸ் ஊரை ஒட்டிய பகுதியில், இந்த வசந்த காலத்தில் ஐந்து முறை கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் சென்று ஸ்ட்ரைப்டு பாஸ் மீனுக்குத் தூண்டில் போட்டேன். முதல் இரண்டு நாளும் ஒரு கடிகூட விழவில்லை. மூன்றாம் நாள் என் தவறு எனக்குப் புரிந்தது; அதன் பிறகுதான் மீன் விழத் தொடங்கியது. ஆகவே பிடித்த மீன்களைவிட அந்தத் தவறைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

ட்ரோலிங் என்பது நகரும் படகின் பின்னால் இரையை இழுத்துக்கொண்டே போய் மீன் பிடிக்கும் முறை. ட்ரால் வலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இங்கே இருப்பது ஒரு தூண்டில், ஒரு நரம்பு, ஒரு போலி மீன் மட்டுமே. ஸ்ட்ரைப்டு பாஸ் உடலின் இருபுறமும் ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடும் மீன். நம் கொடுவா ஆற்றிலிருந்து கழிமுகத்தை நோக்கி இறங்கி முட்டையிடும். இதுவோ கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்து முட்டையிடும். அதன் முட்டைகள் நீரோட்டத்தில் மிதந்தபடியே ஏறத்தாழ 2 நாளில் பொரிந்துவிடும். ஏப்ரலில் ஹெர்ரிங் மீன் கூட்டங்கள் ஆற்றில் ஏறும்போது, அவற்றைத் தின்றுகொண்டே இவையும் வந்து சேரும்.

நான் தேர்ந்தெடுத்த இடம் எசோப்பஸ் ஓடை ஹட்சனில் கலக்கும் முகத்துவாரம். அங்கே ஒரு பழைய கலங்கரை விளக்கம் இருக்கிறது. அந்த ஓடை இறங்கிவரும் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் பனிப்பாறைகள் விட்டுச்சென்ற களிமண் படிவுகள் ஏராளம். வசந்த மழையும் உருகிய பனியும் சேர்ந்து அந்தக் களிமண்ணைக் கரைத்துக் கொண்டுவருவதால், எசோப்பஸ் நீர் பால் அதிகமாக விட்ட தேநீரின் நிறத்தில் ஹட்சனுக்குள் இறங்கும். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தேன். ஓடை நீரில் 20 சென்டிமீட்டர் ஆழத்திலேயே மறைந்துவிட்டது, நடு ஆற்றில் 55 சென்டிமீட்டர் வரை தெரிந்தது. இரண்டு நீரும் சந்திக்கும் இடத்தில் ஆற்றின் மேல் ஒரு கோடு கிழித்ததுபோல நிறம் மாறுவதைக் கயாக்கில் உட்கார்ந்தே பார்க்கலாம். அந்தக் கோட்டை ஒட்டியே ஐந்து நாளும் சென்றேன்.

முதல் நாள் ஏப்ரல் 20. நீரின் வெப்பநிலை 9 டிகிரி செல்சியஸ். இந்தக் குளிரில் கவிழ்ந்தால் சில நிமிடங்களில் கைவிரல்கள் செயலிழந்துவிடும் என்பதால், நீர் புகாத முழு உடையும் மேலே மிதவைச் சட்டையும் அணிந்துதான் இறங்கினேன். மே 1 வரை சிறு படகுகளில் மிதவைச் சட்டை அணிவது இம்மாநிலத்தில் சட்டப்படியும் கட்டாயம். சட்டம் இல்லாவிட்டாலும் அதை யாரும் கழற்றக் கூடாது என்பேன். நீரடியில் 2 மீட்டர் வரை இறங்கி நீந்தும் 13 சென்டிமீட்டர் போலி மீனை, உள்ளே சலசலக்கும் குண்டுகள் கொண்டதாகப் பார்த்து எடுத்து, 30 மீட்டர் பின்னால் விட்டு இழுத்தேன். ஜிபிஎஸ் கருவியில் மணிக்கு 4 கிலோமீட்டர் என்ற வேகத்தைப் போகும்போதும் வரும்போதும் அப்படியே காத்தேன். ஏப்ரல் 27 அன்றும் அதையே செய்தேன். நிறம்தான் காரணம் என்று நினைத்து கறுப்பு, பச்சை மஞ்சள், வெள்ளி என்று மூன்று போலி மீன்களை மாற்றி மாற்றிப் போட்டேன். இரண்டு நாளும் வெறுங்கையோடுதான் திரும்பினேன்.

மூன்றாம் நாளான மே 4 அன்று, வற்றம் (கடல்மட்டம் இறங்கும்போது ஆறு கடலை நோக்கி ஓடும் ஓட்டம்) வேகமாக ஓடிக்கொண்டிருந்தபோது நரம்பைக் குறுக்கி, போலி மீனைக் கயாக்கின் பக்கத்திலேயே விட்டு, அது எப்படி நீந்துகிறது என்று பார்த்தேன். நீரோட்டத்தோடு இறங்கும்போது அது குச்சிபோலச் சும்மா இழுபட்டது. திரும்பி எதிரோட்டத்தில் ஏறும்போது பக்கவாட்டில் சாய்ந்து சுழன்று, மேற்பரப்புக்கே வந்துவிட்டது. இரண்டு திசையிலும் ஜிபிஎஸ் காட்டியது அதே 4 கிலோமீட்டர்தான்.

காரணம் எளிது. ஹட்சன் ஆறு, கடலிலிருந்து சுமார் 245 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ட்ராய் அணைவரை ஓதத்துக்கு, அதாவது கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கத்துக்கு, உட்பட்டது. சாகர்ட்டீஸில் நீர்மட்டம் ஏறத்தாழ 4 அடி ஏறி இறங்கும், ஓட்டமும் அதற்கேற்பத் திசை மாறும். அன்று வற்றத்தின் வேகம் மணிக்கு சுமார் 2.5 கிலோமீட்டர். ஜிபிஎஸ் கணக்கிடுவது தரையைப் பொறுத்த வேகத்தை. போலி மீன் உணர்வதோ நீரைப் பொறுத்த வேகத்தை. ஆகவே ஓட்டத்தோடு போகும்போது என் போலி மீனுக்குக் கிடைத்தது 1.5 கிலோமீட்டர் வேகம் மட்டுமே; எதிர்த்து வரும்போது 6.5. அதற்குத் தேவையான 4 கிலோமீட்டரை, ஓட்டம் திசை மாறும் சிறிது நேரம் தவிர, அது இரண்டு நாளிலும் பெற்றிருக்காது.

தெளிந்த நீராக இருந்திருந்தால் இந்தப் பிழையை மீன் ஒருவேளை மன்னித்திருக்கலாம். கலங்கலில் மீனின் கண்ணுக்கு எட்டுவது ஒரு கை நீளம்கூட இல்லை. பக்கக்கோட்டு உறுப்பால் நீரின் அதிர்வை உணர்ந்துதான் அது இரை இருக்கும் திசையை அறிகிறது. துடிக்காத போலி மீன் அந்த நீரில் இல்லாததற்குச் சமம் என்றே இப்போது நினைக்கிறேன். இரண்டு நாள் முழுக்க நிறத்தை மாற்றிக்கொண்டிருந்ததை எண்ணினால் எனக்கு வருத்தம்தான் மிஞ்சுகிறது.

அன்றிலிருந்து ஜிபிஎஸ் திரையைப் பார்ப்பதை விட்டு, தாங்கியில் நிற்கும் தூண்டில் கோலின் நுனியைப் பார்த்தேன். போலி மீன் சரியாக நீந்தினால் நுனி சீராக, விடாமல் துடிக்கும். வேகம் குறைந்தால் துடிப்பு அடங்கிவிடும். அதிகமானால் நுனி வளைந்து அப்படியே நிற்கும். குப்பை சிக்கினாலும் துடிப்பு மாறுவது தெரியும். இந்த ஆற்றில் வசந்தத்தில் இலையும் குச்சியும் ஓயாமல் மிதந்து வருவதால் இந்தக் கடைசிப் பயன் சிறியதல்ல. எதிரோட்டத்தில் இந்தத் துடிப்பைக் காக்கத் துடுப்பு போடும்போது கரையிலுள்ள மரங்கள் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். அந்த மந்தம் கலங்கலில் நன்மையே. இரை ஒரே இடத்தின் மேல் நீண்ட நேரம் துடித்துக்கொண்டிருக்கிறது.

முதல் கடி அன்று காலை பத்து மணிக்குப் பிறகு, ஆழமற்ற திட்டு முடிந்து கப்பல் தடத்தை நோக்கித் தரை சரியும் விளிம்பில் விழுந்தது. கோல் வளைந்தது, கயாக்கின் மூக்கு திரும்பியது, மீன் என்னை எதிரோட்டத்தில் சிறிது தூரம் இழுத்துச்சென்றது. 66 சென்டிமீட்டர் நீளம். ஹட்சனில் 2024 முதல் 23 அங்குலத்துக்கும் 28 அங்குலத்துக்கும் இடைப்பட்ட ஒரு மீனை மட்டுமே ஒரு நாளில் வைத்துக்கொள்ளலாம். இது அந்த அளவுக்குள் அடங்கும் என்றாலும் விட்டுவிட்டேன். 1947 முதல் 1977 வரை மேலாற்றில் கலந்த பிசிபி வேதிப்பொருளால் இந்த ஆற்றின் மீனை உண்பது குறித்து மாநிலச் சுகாதாரத் துறையின் எச்சரிக்கை இன்றும் நீடிக்கிறது. அதோடு, முட்டையிடப் போகும் மீனைக் கொல்ல எனக்கு மனமில்லை. மூன்று முள் கொண்டிகளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டியிருந்ததால், நீரிலிருந்து தூக்காமலேயே அவிழ்க்க முடிந்தது.

மே 11 அன்று இருபுறமும் ஒவ்வொரு தூண்டிலாக இரண்டை வைத்து, நேர்கோட்டில் செல்லாமல் வளைந்து வளைந்து சென்று பார்த்தேன். வளைவின் வெளிப்பக்கம் போகும் இரை வேகம் கூடும், உட்பக்கம் போவது குறையும்; கடி எந்தப் பக்கம் விழுகிறது என்பதே அன்றைய வேகத்தைச் சொல்லிவிடும். மூன்று மீன்கள் விழுந்தன. மூன்றும் உட்பக்கத்துத் தூண்டிலில்தான், அதிலும் இரண்டு கலங்கல் கோட்டுக்குத் தெளிந்த பக்கம் மிக அருகில். ஒன்று கறுப்புப் போலி மீனில், இரண்டு பச்சை மஞ்சளில். நிறத்தைப் பற்றி இதிலிருந்து எதுவும் சொல்ல மாட்டேன். மதியம் ஒரு இழுவைக்கப்பல் பெரிய பார்ஜைத் தள்ளிக்கொண்டு ஆல்பனி பக்கம் ஏறிவந்ததால், நரம்பைச் சுருட்டிக்கொண்டு கரையோரம் ஒதுங்கினேன்.

ஐந்தாம் நாள் மே 18. நீர் 16 டிகிரிக்கு வந்துவிட்டது, ஓடை நீரிலும் தட்டு 40 சென்டிமீட்டர் வரை தெரிந்தது. முதல் அரை மணி நேரத்திலேயே ஒரு மீன் விழுந்தது. முள்ளை அவிழ்க்கும்போது அதன் வயிற்றிலிருந்து பால்போன்ற விந்து கயாக்கின் பக்கவாட்டில் வழிந்தது. அவை முட்டையிடத் தொடங்கிவிட்டன. மீனை விட்டுவிட்டு, இரண்டு தூண்டில்களையும் சுருட்டி, எசோப்பஸ் ஓடைக்குள் துடுப்பு போட்டுத் திரும்பினேன்.