வெறும் ஃபேடர்

கச்சேரியில் குரலும் வாத்தியங்களும் எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்று அமைக்கிற எங்கள் மிக்ஸிங் மேசையில் ஒரு ஃபேடர், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலும் கீழும் தள்ளுகிற குமிழ், எதனுடனும் இணைக்கப்படாமல் இருக்கும். அதில் மைக்கும் இல்லை, கிட்டாரும் இல்லை. ஏற்றினாலும் இறக்கினாலும் ஒன்றும் ஆகாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. சீனியர் ஒருவர்தான் சொல்லிக்கொடுத்தார். கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போது தடுப்புக் கம்பிக்கு அப்பாலிருந்து யாராவது "குரலைக் கொஞ்சம் ஏத்துங்க" என்று கத்துவார். அவர் கண்ணெதிரே இந்த ஃபேடரை ஒரு விரற்கடை மேலே தள்ளிவிட்டு அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் முகம் மலர்ந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவார்கள். நடிப்பில்லை. குரல் கூடியது போலவே அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

இதைப் பல வருடம் செய்ததில் ரசிகர்களின் அபிப்பிராயம் பற்றி ஓர் அலட்சியம் எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. கேட்பதில் பாதிதான் காது, மீதி கண்ணும் மனசும் என்று உதவியாளர்களுக்குப் பாடம் வேறு நடத்துவேன். நீலத் தொப்பிக்காரர் ஒருவர் அதைக் கெடுத்தார்.

மூன்று நாள் திறந்தவெளி இசை விழாவில் அது இரண்டாம் நாள். பெரிய மேடையின் ஸ்பீக்கர்கள் முழுவதும் என் பொறுப்பு. பெரிய குழுக்கள் சொந்த சவுண்ட் இன்ஜினியரோடு வந்துவிடும். அப்படி ஆள் இல்லாத குழுக்களுக்கு நானே மிக்ஸ் செய்வேன். மேசை மேடையிலிருந்து சுமார் 40 மீட்டர் தள்ளி, சரியாக நடுவில். 80 மீட்டரில் இடமும் வலமுமாக இரண்டு டிலே டவர்கள். மேடைச் சத்தம் பின்னால் போகப் போக இளைத்துவிடும் என்பதால் நடுவழியில் கைகொடுக்கிற ஸ்பீக்கர்கள் அவை.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 80 மீட்டர் வருவதற்கு அதற்குக் கிட்டத்தட்ட கால் நொடி ஆகும். ஆனால் ஒயர் வழியாக டவருக்குப் போகும் சிக்னல் அந்தக் கணமே போய்ச் சேர்ந்துவிடும். அதனால் டவரைப் பிடித்து நிறுத்தி வைத்து, மேடைச் சத்தம் வந்து சேர்ந்த பிறகு ஒரு 10, 15 மில்லிசெகண்ட் கழித்துத்தான் பேசவிட வேண்டும். இந்தத் தாமதம்தான் டிலே. அப்படிச் செய்தால், டவர் பக்கத்திலேயே நின்றாலும் பாட்டு மேடையிலிருந்து வருவது போலத்தான் இருக்கும். முதலில் வந்த சத்தத்தின் திசையைத்தான் காது நம்பும். 1949-ல் ஹெல்முட் ஹாஸ் தன் ஆய்வில் எழுதியது இது. எங்கள் தொழிலில் இதற்கு ஹாஸ் விளைவு என்றே பெயர்.

அன்று மாலை மேடையேறிய குழுவுக்கு உயிரைக் கொடுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். ஒரு பாடகி, கிட்டார், அடித்தொனி கொடுக்கும் பேஸ் கிட்டார், வயலின், டிரம்ஸ். முந்தைய குழு இறங்கி இவர்கள் ஏற 25 நிமிடம். அதற்குள் ஒவ்வொரு மைக்கும் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பதோடு சரி. விழாக்களில் முழு சவுண்ட் செக் என்பதெல்லாம் கடைசியாகப் பாடும் நட்சத்திரங்களுக்குத்தான். மற்றவர்களுக்கு முதல் பாட்டுதான் சவுண்ட் செக். (அந்த முதல் பாட்டைப் போனில் பிடித்து "குரலே கேட்கவில்லை" என்று ஊரெல்லாம் பரப்புகிறவர்கள் மேல் எனக்கு இன்றும் சின்ன மனத்தாங்கல் உண்டு. இரண்டு பாட்டு பொறுக்கலாம் இல்லையா.)

மூன்றாவது பாட்டில் ஓர் இளைஞர் தடுப்பருகே வந்தார். "அண்ணா, பேஸ் பத்தவே இல்லை." வெறும் ஃபேடரை மேலே தள்ளினேன். போய்விட்டார். அடுத்த பாட்டு முடிவதற்குள் ஒரு பெண். "பேஸ் நெஞ்சுல இடிக்குது, பாட்டே கேக்கலை." அதே ஃபேடர், இந்த முறை கீழே. அவரும் போய்விட்டார். உதவியாளன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன்.

அடுத்து வந்தவர்தான் நீலத் தொப்பி. ஐம்பதைத் தாண்டியிருப்பார். கத்தவில்லை. நான் குனிந்து காதைக் கொடுக்கும்வரை காத்திருந்து சொன்னார்: "தம்பி, அந்தப் பொண்ணு ஒவ்வொரு சொல்லையும் ரெண்டு தடவை பாடுது."

தலையாட்டிக்கொண்டே ஃபேடரைத் தள்ளினேன். அவர் என் விரலைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். நாலு வரி நின்று கேட்டார். "இங்கே முன்னாடியும் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. அங்கே வந்து கேளுங்க" என்று வலப்பக்கம் கையை நீட்டினார். வருகிறேன் என்றேன். போகவில்லை. பாட்டின் நடுவே மேசையை விட்டு எழ முடியாது என்பது உண்மை. உதவியாளனை அனுப்பியிருக்கலாம் என்பதும் உண்மை.

கச்சேரி முடிந்தபோது எனக்கு அவ்வளவு திருப்தி. கடைசிப் பாட்டில் வயலினும் குரலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஏறியதில் எனக்கே புல்லரித்தது. கேபிளைச் சுருட்டிக்கொண்டே கலைகிற கூட்டத்தின் பேச்சைக் கேட்டேன். "ரெக்கார்டைவிட இதுதான்" என்றாள் ஒருத்தி. "இவங்களுக்குப் பாடவே வராது, எல்லாம் ஸ்டூடியோ வேலை" என்றார் அவளுக்குப் பின்னால் வந்தவர். முன்வரிசையிலிருந்து வந்த கும்பல், டிரம்ஸ் தவிர ஒன்றும் காதில் விழவில்லை என்றது. வீட்டிலிருந்து நேரலையில் பார்த்த நண்பன் போன் செய்தான்: "ரெண்டாவது சரணத்துல சுருதி இறங்கிடுச்சே, கவனிச்சியா?" எல்லாவற்றையும் தூக்கி அடித்தது பாடகி சொன்னதுதான். மேடைக்குப் பின்னால் என்னைப் பார்த்து, "ஜனங்களுக்குப் பிடிக்கலையா? ஒரு சத்தமும் இல்லையே" என்றார். அவர் பாடியபோதெல்லாம் ஆயிரக்கணக்கானோர் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் காதில் இன்-இயர் மானிட்டர், பாடகர்கள் தங்கள் பாட்டைக் கேட்கக் காதுக்குள் செருகிக்கொள்கிற சின்ன ஸ்பீக்கர். வெளிச்சத்தம் அவ்வளவாக உள்ளே போகாது. கூட்டத்தின் பக்கம் திருப்பி வைக்கிற மைக்கை அவருடைய மிக்ஸில் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும். அந்த 25 நிமிட அவசரத்தில் அது விட்டுப்போயிருந்தது. தனக்காகவே கூடிய கூட்டத்தின் முன்னால் ஒரு மணி நேரம் தனியாகப் பாடிவிட்டுப் போயிருக்கிறார்.

இரவு வேலை முடித்துக் கிளம்பும் முன் ஏதோ உறுத்த, வலப்பக்க டவருக்கு நடந்தேன். டவரின் டிலேயை வைக்கிற கருவியான புராசஸரைத் திறந்து பார்த்தால் டிலே பூஜ்யம். மாலையில் ஜெனரேட்டர் மாற்றியபோது ஒரு நொடி மின்சாரம் போய் வந்தது. மற்றதெல்லாம் சரியாக எழுந்திருக்க, இது மட்டும் பழைய அமைப்போடு எழுந்திருக்கிறது. அதாவது அந்த டவரின் பக்கம் நின்ற அத்தனை பேருக்கும் பாடகியின் சொல் முதலில் டவரிலிருந்து ஒரு தடவை, கால் நொடி கழித்து மேடையிலிருந்து இன்னொரு தடவை. சொல்லுக்குச் சொல், இரண்டு தடவை. எங்கள் கலைச்சொல் ஒன்றும் தெரியாமல் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைவிடத் துல்லியமாக நானும் சொல்லியிருக்க முடியாது. டவரின் முகம் பின்பக்கம், நாங்கள் அதற்கு முன்னால் நடுவில். எங்களுக்கு அது தெரியவே தெரியாது.

அன்று படுத்தும் தூக்கம் வரவில்லை. கேட்ட அபிப்பிராயங்களை ஒவ்வொன்றாக மைதானத்தில் வைத்துப் பார்த்தேன்.

பேஸ் பற்றிச் சண்டை போட்டுக்கொண்ட அந்த இருவரையே எடுத்துக்கொள்வோம். பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்களான சப்வூஃபர்களை மேடையின் இரு பக்கமும் அடுக்கியிருந்தோம். நடுக்கோட்டில் நிற்பவருக்கு இரண்டு பக்கத்து அலையும் ஒரே நேரத்தில் வந்து கூடும், நெஞ்சில் இடிக்கும். கொஞ்சம் ஒதுங்கினால் ஒரு பக்கத்து அலை முந்தும், மற்றது பிந்தும். சில சுரங்களில் ஒன்றையொன்று தின்றுவிடும். சில மீட்டர் நகர்ந்தால் பேஸ் கிட்டார் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். அந்தப் பெண் நடுவிலிருந்து வந்தாள், அந்த இளைஞன் ஓரத்திலிருந்து வந்தான். என் மேசையோ நடுக்கோட்டின் மேலேயே. முன்வரிசைக்காரர்கள் சொன்னதும் சரி. தொங்கும் ஸ்பீக்கர்களின் சத்தம் பாதி அவர்கள் தலைக்கு மேலே போய்விடும், மேடையில் அடிக்கிற டிரம்ஸ் நேராக முகத்தில் வந்து விழும். நேரலைக்கு வேறு மிக்ஸ். குரல் அதில் முன்னால் வந்து நிற்கும், மைதானத்தின் முழக்கம் எதையும் மூடி மறைக்காது. இரண்டாவது சரணத்தில் சுருதி இறங்கியது உண்மைதான். மைதானத்தில் அதை யாரும் கேட்டிருக்க முடியாது.

போதாததற்கு வானிலை. மதியம் தரை கொதிக்கும்போது ஒலி மேல்நோக்கி வளையும், தூரத்தில் நிற்பவர்களின் தலைக்கு மேலே போய்விடும். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்தால் கீழ்நோக்கி வளைந்து வெகுதூரம் போகும். ஒரே மேடை, ஒரே ஸ்பீக்கர். மதியம் பாடிய குழு "சோப்ளாங்கி", இரவு பாடிய குழு "சிங்கம்". மதியப் பட்டியலில் மாட்டுகிற சின்னக் குழுக்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

இந்தத் தொழிலில் பழைய கதை ஒன்று உண்டு. 1965 ஜூலை 25, அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. நாட்டுப்புறப் பாடகராகப் புகழ்பெற்றிருந்த பாப் டிலன் எலக்ட்ரிக் கிட்டாரோடு குழுவை அழைத்துக்கொண்டு மேடையேறி மூன்று பாட்டுப் பாடினார். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டது. எலக்ட்ரிக் வாத்தியத்தை எதிர்த்துத்தான் கத்தினார்கள் என்பார்கள் சிலர். ஒலியமைப்பு மோசம், வார்த்தையே புரியவில்லை என்பார்கள் சிலர். மூன்றே பாட்டில் இறங்கிவிட்டார் என்ற கோபம் என்பார்கள் வேறு சிலர். அன்று கொதித்துப்போன மூத்த நாட்டுப்புறப் பாடகர் பீட் சீகரே, தனக்கு எலக்ட்ரிக் மேல் கோபமில்லை, பாட்டின் சொற்கள் புரியாமல் போனதில்தான் கோபம் என்று பின்னாளில் சொன்னார். அறுபது வருடமாக இதைக் கொள்கைச் சண்டையாகவே பேசுகிறோம். அவரவர் எங்கே நின்றார்கள், அங்கே என்ன கேட்டது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,000-க்கும் மேற்பட்டோர் முன்னால் பீட்டில்ஸ் பாடியபோது, கூச்சலில் அவர்களுக்கே அவர்கள் பாடியது கேட்கவில்லை. அதைப் படமாக வெளியிடும் முன், 1966 ஜனவரியில் ஸ்டூடியோவில் உட்கார்ந்து சில பகுதிகளை மறுபடி பதிவு செய்து சேர்த்தார்கள். நேரில் பார்த்தவரும் படத்தில் பார்த்தவரும் அந்தக் கச்சேரியைப் பற்றி எப்படி ஒத்துப்போவார்கள்?

சரி, அப்படியானால் எல்லாமே நிற்கிற இடம்தானா? அன்றிரவு அப்படித்தான் முடிவு கட்டினேன். ஒரு அலட்சியத்தை இறக்கி வைத்துவிட்டு அதைவிடக் கெட்டிக்காரத்தனமான இன்னொன்றைத் தூக்கிக்கொண்டேன் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள், கூட்டம் வருவதற்கு முன்பே அளவெடுக்கும் மைக்கோடு நடந்து இரண்டு டவரையும் சரிபார்த்தேன். மாலையில் வெயில் இறங்கியதும் மறுபடி ஒரு நடை. ஒரு குழுவின் இன்ஜினியர் மேசையைப் பிடித்துக்கொண்டதும், உதவியாளனை அவர் பக்கத்தில் விட்டுவிட்டு வலப்பக்க டவரின் அருகே போய் நின்றேன். நீலத் தொப்பி கண்ணில் படுகிறதா என்று தேடினேன். இல்லை. ஒலி அருமையாக இருந்தது. சொல் ஒவ்வொன்றும் ஒரே தடவை, மேடையிலிருந்து.

எனக்கு முன்னால் இரண்டு தோழிகள், தோளோடு தோள் ஒட்டி. குழு தன் புகழ்பெற்ற பாட்டை எடுத்தது. ரெக்கார்டில் நான்கு நிமிடம் வருவதை இழுத்து, வேகத்தைக் குறைத்து, நடுவே கிட்டாரைத் தனியே அலையவிட்டு, பத்து நிமிடத்துக்கு மேல் கொண்டுபோனார்கள். எனக்கு அது பிடித்தது. வழுக்கி விழக்கூடிய இடத்தில் காலை வைக்கிற குழுக்களைத்தான் எனக்கு எப்போதும் பிடிக்கும். ரெக்கார்டை அப்படியே இறக்கி வைப்பதற்கு எதற்கு இத்தனை ஸ்பீக்கர் என்று நினைக்கிற கட்சி நான். பாட்டு முடிந்தபோது ஒரு தோழி அழுதுகொண்டிருந்தாள். மற்றவள் கையைக் கட்டியபடி சொன்னாள்: "என் பாட்டைக் கெடுத்துட்டாங்க." அழுதவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு ஒண்ணும் தெரியாது போ" என்றாள். இரண்டு பேருக்கும் நடுவே அரை அடி இடைவெளிகூட இல்லை. ஒரே டவர், ஒரே கால் நொடி.

அந்த இரண்டாமவள் சொன்ன "என் பாட்டு" என்னை நிறுத்திவிட்டது. எத்தனை இரவு எந்த அறையில் எதற்காக அதைக் கேட்டுக்கொண்டிருந்தாளோ. நான்கு நிமிடத்தில் முடிகிற அந்தப் பாட்டு இங்கே பாடப்படவே இல்லை என்றுதான் அவளுக்குப் பட்டிருக்கும். அதற்கு நான் எந்த டவரில் டிலே வைக்க?

மேசைக்குத் திரும்பினேன். அடுத்த குழுவுக்கு நான்தான் மிக்ஸ். இரண்டாவது பாட்டிலேயே தடுப்புக்கு அப்பால் ஒருவர் கையசைத்தார். வயலின் கேட்கவில்லையாம். உதவியாளனின் கை பழக்கதோஷத்தில் வெறும் ஃபேடரை நோக்கிப் போனது. அதைப் பிடித்துக்கொண்டு, அவர் பக்கம் குனிந்து, "எங்கே நின்னு கேட்டீங்க?" என்றேன்.