அண்ணன் செஞ்ச மாதிரிதான்

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போடுறதுதான் சுத்தம்." இதைச் சொன்னது நான்தான். அதில் எனக்கும், கணினியில் விண்டோஸ் போட நான் சொல்லிக் கொடுத்த பையனுக்கும் வழக்கில்லை. அதற்கு முன்னால், "உள்ள இருக்கிறதைக் காப்பி எடுத்து வச்சியா?" என்று கேட்டேனா என்பதில்தான் வழக்கு. கேட்டதாகத்தான் எனக்கு நினைவு. கடைக்கு வருகிற எல்லாரிடமும் கேட்பதுதானே, அவனிடம் மட்டும் எப்படி விட்டிருப்பேன்? ஆனால் தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிய பேச்சு, சொல்லாத நாளிலும் சொன்ன மாதிரியே மனதில் நின்றுவிடுகிறது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தபோது மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் கணினிக் கடைக்கு நல்ல கூட்டம். எஸ்டேட் தோட்டத்துப் பிள்ளைகளிடம் இருப்பதெல்லாம் கைமாறி வந்த பழைய மடிக்கணினிகள். விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருக்காது, இருந்தாலும் புரொசசர் மைக்ரோசாப்ட் பட்டியலில் இருக்காது. பென்டிரைவில் விண்டோஸை ஏற்றித் தரும் ரூஃபஸ் மென்பொருளில் விண்டோஸ் 11-இன் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பைக் கொடுத்து ஸ்டார்ட் தட்டினால், அந்தக் கட்டுப்பாடுகளை எடுத்துவிடவா என்று கேட்கும். டிக் போட வேண்டியதுதான். பென்டிரைவ் ஒன்று போதும். இதற்கு நாங்கள் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) வாங்குகிறோம்.

பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பையன், "அண்ணே, இதை நானே செய்யலாமா?" என்றான். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். இருந்திருந்தால், "அதெல்லாம் கஷ்டம் தம்பி, கடைக்குக் கொண்டாந்துடு" என்று முடித்திருப்பார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. சின்ன வயதில் இதே பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் நான்.

சரி வா என்று உட்கார வைத்தேன். பென்டிரைவில் இருப்பதெல்லாம் போய்விடும் என்று ரூஃபஸ் எச்சரித்தபோது, அதை அவனே வாசித்துவிட்டு என்னைப் பார்த்தான். அவ்வளவு கவனமான பையன். எஃப்12 தட்டி, எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும் பூட் மெனுவைக் காட்டினேன். இன்ஸ்டால் தொடங்கியதும், கோப்புகள், செயலிகள், அமைப்புகள் எல்லாம் அழிக்கப்படும், சம்மதம் என்று ஒரு வரி வரும், பக்கத்தில் ஒரு கட்டம். அதில் டிக் போட்டேன். ஒரு நொடிகூட நிற்கவில்லை. அப்புறம் பார்ட்டிஷன் பட்டியல், அதாவது டிஸ்க்கின் பிரிவுகள். ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து டிலீட், டிலீட், கடைசியில் அன்அலோகேட்டட் ஸ்பேஸ் (பிரிக்கப்படாத இடம்) என்ற ஒரே வரி மிஞ்சும் வரை. அங்கேதான் அந்தச் 'சுத்தம்' வசனம். அவனுடையது செகண்ட்ஹேண்டில் வாங்கியது, உள்ளே இருந்ததெல்லாம் பழைய ஆளின் குப்பை. அந்த மெஷினுக்கு அதுதான் சரியான வேலை. இன்றைக்குக் கேட்டாலும் அப்படியேதான் செய்வேன்.

அவன் அதற்குப் பிறகு தோட்டத்தில் வீடு வீடாகப் போய் இருபது வெள்ளிக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறான். முதலாளிக்குக் காதில் விழுந்து முகம் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்கு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமை.

கோயில் செயலாளரின் மடிக்கணினி அப்படித்தான் அவனிடம் போனது. அதே டிஸ்க்கின் இன்னொரு பிரிவான டி டிரைவில் கோயில் கணக்கு: திருவிழா வரவு செலவு, உபயக்காரர் பட்டியல், கும்பாபிஷேக நன்கொடை. பையன் டிலீட், டிலீட், நெக்ஸ்ட். பழைய ஹார்ட் டிஸ்க்காக இருந்திருந்தால் மேலே எழுதப்படாத பகுதியையாவது டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருளை வைத்துத் தோண்டி எடுத்திருக்கலாம். எஸ்எஸ்டி என்ற வேகமான புது வகை டிஸ்க்கில் ஃபார்மட் ஆனதும், பழைய தரவைத் துடைக்கலாம் என்று சொல்லும் டிரிம் கட்டளையை விண்டோஸ் அனுப்பிவிடும், பிறகு தேடினால் கிடைப்பது அரிது. தேடினேன், ஒன்றும் தேறவில்லை. ஸ்லோவாக இருக்கிறது என்று செயலாளர் கேட்டதால், அந்த எஸ்எஸ்டியை முன்பு மாட்டிக் கொடுத்ததும் எங்கள் கடைதான்.

கோயில் தலைவர் கடைக்கு வந்தார். கோபமாக வரவில்லை, அதுதான் சங்கடம். "தம்பி, நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்களாமே?"

"ஆமாங்கையா. ஆனா காப்பி எடுக்கச் சொல்லித்தான்..."

அவர் பின்னால் நின்ற பையன் இடையில் பேசினான். "அண்ணன் செஞ்ச மாதிரிதான் ஐயா செஞ்சேன். ஒண்ணும் மாத்தல."

என்னைக் காட்டிக் கொடுக்கிற குரல் இல்லை அது. ஒழுங்காகப் படித்தேன் என்று சொல்கிற குரல். நான் என் வாக்கியத்தை முடிக்காமல் விட்டுவிட்டேன். தலைவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாரா, தெரியாது.

திரையிலேயே எழுதியிருக்கிறதே என்று எனக்கு நானே வாதாடுவேன். வாசிக்கத் தெரிந்த பையன்தானே, ரூஃபஸ் சொன்னதை வாசித்தானே. அப்புறம் நினைப்பேன்: பென்டிரைவ் எச்சரிக்கையில் அவன் நின்றான், அழிப்புக்குச் சம்மதம் கேட்ட வரியில் நிற்கவில்லை. முதலாவதில் நானும் நின்றேன், இரண்டாவதில் நானும் நிற்கவில்லை. அப்படியானால் நான் வாயால் எதைச் சொன்னேன் என்பதே முக்கியமில்லையோ? இப்படி யோசித்தால் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்க முடியாது. ஒரு மெஷினில் செய்து காட்டும்போது மற்ற மெஷின்களுக்கெல்லாம் சேர்த்தா பேச முடியும்?

ரசீதுப் புத்தகங்கள் கோயில் அலமாரியில் இருந்தன. பையனும் அவன் அம்மாவும் அவற்றைப் பார்த்துக் கணக்கைத் திரும்ப ஏற்றுகிறார்கள். உதவிக்கு வரவா என்று கேட்டேன். "பரவால்ல தம்பி, அவனே செய்யட்டும்" என்றார் அம்மா. அதில் கோபம் இருந்ததா என்று பிரித்தறிய முடியவில்லை.

போன வாரம் ஒரு பெண் பிள்ளை அதே கேள்வியோடு வந்தது. இம்முறை முதலில் காப்பி, எந்த டிரைவில் என்ன இருக்கிறது, எதைத் தொடக்கூடாது என்று வரிசையாக ஆரம்பித்தேன். பாதியிலேயே அதன் முகம் வாடிவிட்டது. "நீங்களே போட்டுக் கொடுத்திடுங்க அண்ணே" என்று மடிக்கணினியை மேசையில் வைத்துவிட்டுப் போனது. ஐம்பது வெள்ளிக்கு ரசீது எழுதினேன். முதலாளிக்குச் சந்தோஷம்.